காவிரிக் கரைக் கோரையும் நம் தொழுகைப் பாயும்

நம் சமுதாய வாழ்வில் பாயைப் போல் தொடக்கம் முதல் இறுதி வரை உடன்வரும் பொருள் வேறொன்று உண்டா என்பது ஐயமே. மக்தபில் அலிஃப், பே ஓதத் தொடங்கும் சிறுவன் சம்மணமிட்டு அமர்வது பாயில். நிக்காஹ் மஜ்லிஸில் மணமகன் அமர்வது பாயில். நோன்புக் கஞ்சிக்கு ஊரார் வரிசையாக உட்காருவது பாயில். இறுதியில், கப்ரில் பலகை அடுக்கி மண் தள்ளுமுன் அதன்மேல் விரிக்கப்படுவதும் பாயே. போதாதற்கு, தமிழகத்தில் பிற சமயச் சகோதரர்கள் நம்மை அன்புடன் விளிக்கும் சொல்லும் 'பாய்' என்றே அமைந்துவிட்டது. அது சகோதரன் எனப் பொருள்படும் வடபுலச் சொல்; இதுவோ விரிக்கப்படுவதால் பெயர் பெற்ற பழந்தமிழ்ச் சொல். இரண்டும் ஒலியால் மட்டுமே ஒன்று. ஆயினும் இவ்விரு சொற்களும் ஒரே வாசலில் சந்திக்கும் ஊர் ஒன்றை அண்மையில் நாம் கண்டோம்.

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்திலும் பாய் இருந்தது. பெருமானார் அதில் படுத்தெழுந்தபோது அவர்களின் திருமேனியில் அதன் அச்சுப் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் உகுத்த வரலாறு நம் இல்லங்களில் பலகாலும் சொல்லப்படுவது. அவ்வளவாகச் சொல்லப்படாத செய்தி ஒன்றும் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) அவர்கள் ஒருமுறை நபிகளாரை விருந்துக்கு அழைத்தார்கள். உணவு முடிந்ததும் நபிகளார் அவ்வீட்டாரைத் தொழுகைக்கு அழைத்தார்கள். நெடுங்காலப் பயன்பாட்டால் கறுத்துப் போயிருந்த பாய் ஒன்றை அனஸ் (ரலி) எடுத்து, நீர் தெளித்து விரித்தார்கள். நபிகளார் முன்னே நிற்க, அனஸும் ஓர் அநாதைச் சிறுவரும் பின்னே நிற்க, அவர்களுக்கும் பின்னே அந்த மூதாட்டி நிற்க, அக்கறுத்த பாயின்மீது தொழுகை நிறைவேறிற்று. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

கடந்த ரமளானில் இரவுத் தொழுகைக்குத் திரண்ட கூட்டத்தின் கால்பட்டு நம் மஹல்லாப் பள்ளிவாசலின் ஸஃப் பாய்கள் ஓரம் பிரிந்து நைந்துவிட்டன. புதியன வாங்கவேண்டும் என்று ஜமாஅத்தில் பேச்செழுந்தபோது இரு கருத்துகள் தோன்றின. பிளாஸ்டிக் பாய் விலை மலிவு, கழுவ எளிது, நெடுநாள் உழைக்கும் என்றனர் ஒரு சாரார். கோரைப் பாயின் குளுமையும் மணமும் வேறெதிலும் வாரா என்றனர் மறுசாரார். பிளாஸ்டிக் பாயில் தொழுகை கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல இடமும் இல்லை. எனினும், கோரை விளையும் இடத்திலேயே விலையும் தரமும் அறிந்து வந்து முடிவு செய்யலாம் என்று தீர்மானமாயிற்று. அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்தது.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நாமக்கல் செல்லும் பேருந்தில் ஏறினால், காவிரியையும் கொள்ளிடத்தையும் அடுத்தடுத்துக் கடந்து, குணசீலம், முசிறி வழியாக வடகரையை ஒட்டியே தொட்டியம் சென்று சேரலாம். இடப்புறம் ஆறு தோன்றுவதும் மறைவதுமாக உடன் வருகின்றது. வாழைத் தோட்டங்களும், அகத்தி மரங்களின் நிழலில் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்களும் கண்ணுக்கு எட்டிய தூரம் பசுமை விரிக்கின்றன. வழியில் சீனிவாசநல்லூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்ததாகக் கருதப்படும் குரங்கநாதர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இக்கரையில் மக்கள் உழுது வாழ்ந்து வருகின்றனர் என்பதற்கு அக்கற்கள் சான்று.

தொட்டியம் கடைவீதியும் வட்டாட்சியர் அலுவலகமும் உடைய ஊர். நாம் செல்ல வேண்டியதோ அதற்கும் அப்பால், ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சிற்றூர். பேருந்து சாலையை விட்டிறங்கி, வாய்க்கால் கரையோடு நெடுந்தொலைவு நடந்தே அதை அடைந்தோம். ஓட்டு வீடுகளும் சில காரை வீடுகளுமாக நாற்பது இல்லங்கள் இருக்கலாம். ஒரு பிள்ளையார் கோயில், ஒரு ஆலமரம், ஒரு பெட்டிக் கடை. முஸ்லிம் குடும்பம் ஒன்றுகூட இல்லை. பள்ளிவாசல் இல்லை, பாங்கோசை எட்டும் தொலைவிலும் இல்லை.

ஊர் முடிந்த இடத்தில் ஆறு தொடங்குகின்றது. குடகு நாட்டுத் தலைக்காவிரியில் ஊற்றெடுத்து, மேட்டூரில் தேங்கி, கரூரை அடுத்த திருமுக்கூடலூரில் அமராவதியையும் சேர்த்துக்கொண்டு வரும் காவிரி, மாயனூருக்குக் கிழக்கே அகண்ட காவிரி என்று பெயர் பெறுகின்றது. எதிர்க்கரையின் தென்னைகள் கோடு கிழித்தாற்போல் தெரியும் அளவுக்கு அகலம். நாம் சென்றது சித்திரை மாதம். ஆற்றின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்க, ஓரத்தில் மட்டும் தெளிந்த நீர் ஓடிற்று. மேற்கே, மாயனூருக்கும் வடகரைக்கும் இடையே 98 மதகுகளுடன் எழுந்து, 2014-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கதவணை வெயிலில் மங்கலாகத் தென்பட்டது. ஒளூச் செய்ய ஆற்றில் இறங்கினோம். மேலே சுடும் வெயில். காலடியிலோ கண்ணாடி போன்ற நீர். அல்ஹம்துலில்லாஹ்! வேப்பமர நிழலில், கட்டாந்தரையில், லுஹர் தொழுகையை நிறைவேற்றினோம். தொழ நிற்பதைக் கண்ட ஒரு மூதாட்டி, நாம் கேளாமலே தம் வீட்டிலிருந்து பாயொன்றைக் கொண்டுவந்து உதறி விரித்துவிட்டு, ஓசைப்படாமல் விலகி நின்றார்.

கோரை எவ்வாறு பாயாகின்றது என்பதை அந்த மூதாட்டியின் களத்தில்தான் கண்டோம். நெல்லைப் போல் ஆண்டுதோறும் நட வேண்டிய பயிரன்று கோரை. கிழங்கை ஒருமுறை ஊன்றிவிட்டால், பல ஆண்டுகளுக்கு அது தழைத்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு இருமுறை வெட்டலாம். ஆள் உயரத்துக்கு இலையின்றி வளரும் தண்டுகளை அரிவாளால் அடியோடு அறுத்து, நீளம் பார்த்துத் தரம் பிரிக்கின்றனர். பின்பு பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொரு தண்டையும் நெடுக்கில் கிழித்து வெயிலில் பரப்புகின்றனர். முன்பு கத்தியால் பெண்கள் கிழித்ததை இப்போது பல இடங்களில் சிறு இயந்திரம் செய்கின்றது. பசுமை மாறிப் பொன்னிறம் வந்ததும் கட்டுகளாகக் கட்டி வணிகரிடம் சேர்க்கின்றனர். அவை தறிக்குச் செல்லும். நம் பெண்மக்கள் நெய்து புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயின் பெருமையை நாம் அறிவோம். காவிரிக் கரைக் கோரைக்கு அத்தகைய பெயர் இல்லை; ஆனால் ஏழை வீட்டுத் திண்ணை முதல் பள்ளிவாசல் ஸஃப் வரை விரிந்து கிடப்பது பெரும்பாலும் இதுதான்.

இத்தொழிலில் எல்லாம் வெயிலைப் பொறுத்தது. காயும் கோரையில் மழை பட்டால் நிறம் கெட்டுக் கறுத்துவிடும். அன்று பிற்பகல் அதையும் கண்டோம். மேற்கே கதவணைப் பக்கம் கருமேகம் திரண்டது. ஊரில் இருந்த அத்தனை பேரும் களத்திற்கு ஓடி வந்தனர். பள்ளி விடுமுறைச் சிறுவர்கள், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார், தடியூன்றிய முதியவர் என எல்லாரும் இது யாருடைய கோரை என்று பாராமல் வாரியெடுத்தனர். நாமும் இயன்றதைச் செய்தோம். கோடை மழை கால் நாழிகைதான் பெய்தது. முக்கால் பங்கு தப்பிற்று. கால் பங்கு நனைந்தது. நனைந்தது பெரும்பாலும் அந்த மூதாட்டியின் கோரை.

அவர் அழவில்லை. ஈரக் கோரையைக் கையால் கோதிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார்.

"நாலு துளி விழுந்தாப் போதும் பாய், கறுத்துப் போயிரும். கறுத்த கோரைக்கு யாரு காசு தருவா?"

"வியாபாரியிடம் மழை பெய்ததைச் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டாரா, ஆத்தா?" என்று கேட்டோம்.

"முன்பணம் வாங்கியாச்சு. வாங்கினவங்க அவருக்குத்தான் போடணும். என்ன விலைன்னு போடறப்பதான் அவரு சொல்லுவாரு. இந்தக் கோரையைக் கழிச்சுத் தள்ளிட்டு, கொறையற பணத்துக்கு மாசக் கணக்கு எழுதுவாரு. மழை பெஞ்சது எங்க கணக்கு. வெயில் அடிச்சது அவரு கணக்கு."

சிறிது நேரம் பேசாதிருந்தவர், பழைய நினைவொன்றை எடுத்துச் சொன்னார். 1977-ஆம் ஆண்டு நவம்பரில் புயலும் பெருமழையும் திருச்சி, கரூர் வட்டாரங்களைப் பாழாக்கிய வெள்ளத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அவர் மணமாகி அவ்வூருக்கு வந்த புதிது.

"எங்க மாமனாரு ஒரு பாய்கிட்டப் பணம் வாங்கியிருந்தாரு. கோரை, வாழை எல்லாம் ஆத்தோட போயிருச்சு. தண்ணி வடிஞ்சதும் அந்தப் பாய் வந்தாரு. பணம் கேக்கத்தான் வந்திருக்காருன்னு மாமனாரு உள்ளாறயே உக்காந்துட்டாரு. அவரு இதே திண்ணையில உக்காந்துக்கிட்டு, 'ஆத்துல போனது உன் கோரை மட்டுமில்லப்பா, என் பணமுந்தான். உனக்கு எப்ப முடியுதோ அப்பக் குடு'ன்னு சத்தமாச் சொன்னாரு. ஒரு மூட்டை அரிசியை எறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு. வட்டிங்கிற பேச்சே அவரு வாயில வந்ததில்லை. கேட்டா, 'எங்க வேதத்துல ஆகாது'ம்பாரு. இப்ப வர்றவரும் பாய்தான்."

இதைச் சொல்லிவிட்டு, குற்றம் சாட்டும் தொனி சிறிதுமின்றி, அறியாதவர் அறிந்தவரிடம் கேட்பதுபோல் அந்த மூதாட்டி கேட்டார்:

"உங்க வேதத்தை மாத்திட்டாங்களா, பாய்?"

"மாறவில்லை, ஆத்தா. அது மாறாது" என்றோம். அவர் தலையசைத்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அக்கேள்வி அவரோடு முடிந்துவிடுவதன்று. வணிகத்தை வாழ்வாகக் கொண்ட நம் சமுதாயம் முழுவதற்கும் அது உரியது.

வேதம் என்ன சொல்கின்றது? திருமறையின் வசனங்களில் மிக நீண்டது எது என்று கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் என்று நம் மதரஸாச் சிறுவர்களே சொல்லிவிடுவர். அது பேசுவது கடனைப் பற்றி! தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதி தவறாமல் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிய தொகையாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்றெல்லாம் அவ்வசனம் விரித்துரைக்கின்றது. அதற்குச் சற்று முன்பு, 280-ஆம் வசனத்தில், கடன்பட்டவர் இடர்ப்பட்டிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரவேண்டும் என்றும், கடனைத் தள்ளுபடி செய்து அறமாக்கிவிடுவது அதனினும் மேல் என்றும் இறைவன் அருளுகின்றான். வட்டியை விலக்கும் வசனங்களை அடுத்தே இது வருகின்றது.

பயிருக்கு முன்பணம் கொடுப்பது குற்றமா? இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் கனிகளுக்காக ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தனர். அப்பழக்கத்தை நபிகளார் ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள். அளவு தெரிந்திருக்க வேண்டும்; எடை தெரிந்திருக்க வேண்டும்; தவணை தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். 'ஸலம்' என்று ஃபிக்ஹு நூல்கள் பெயரிட்டு விளக்கும் வணிகம் இது. நம் தமிழகத்தில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும், விலை முன்னரே தீர்மானிக்கப்பட்டு, ஒப்பந்தம் செய்யும் இருக்கையிலேயே முழுவதும் கொடுக்கப்பட வேண்டும். பொருள் கிடைக்காமற் போனால், கொடுத்தவர் அடுத்த விளைச்சல் வரை பொறுக்கலாம்; அல்லது கொடுத்த தொகையை மட்டும் திரும்பப் பெறலாம். கூடுதலாக ஒரு காசு பெற்றாலும் அது வட்டியாகிவிடும்.

இந்த அளவுகோலால் அவ்வூர் முன்பணத்தை அளந்து பாருங்கள். விலை பேசப்படவில்லை. கட்டின் அளவு வாங்குபவரின் கையில். தொகை முழுவதும் கொடுக்கப்படவில்லை. குறைந்ததற்கு மாதக் கணக்கு. பெயர் முன்பணம், உள்ளே இருப்பதோ வட்டி. ஸலமுக்கும் ஸலாமுக்கும் எழுத்தில் ஒரு கால்தான் வேற்றுமை. முன்னது முறைப்படி நடந்தால் பின்னது தானே நிலவும். முன்னது கெட்டுவிட்டால், நாம் வாயால் சொல்லும் ஸலாமுக்கு யார் செவி கொடுப்பர்?

மக்களுக்குக் கடன் கொடுத்து வந்த வணிகர் ஒருவரைப் பற்றியும் நபிகளார் கூறியுள்ளார்கள். இயலாதவரைக் கண்டால் விட்டுவிடுமாறு தம் பணியாளரிடம் அவர் சொல்வார். அதன் பொருட்டு இறைவன் நம்மையும் விட்டுவிடக்கூடும் என்பது அவர் நம்பிக்கை. இறைவனும் அவரை மன்னித்தான். 1977-இல் அத்திண்ணையில் அமர்ந்து சென்ற பெரியவர் இந்த ஹதீஸை அறிந்திருந்தாரோ என்னவோ, வாழ்ந்து காட்டிவிட்டார். அவர் பெயர் அவ்வூரில் யாருக்கும் நினைவில்லை. 'அந்தப் பாய்' என்றே சொல்கின்றனர். கல்வெட்டில் பெயர் பொறித்தவர் பலர். ஒரு மூதாட்டியின் நெஞ்சில் பெயரின்றியே இத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்பவர் எத்தனை பேர்?

இக்காவிரிக் கரைக்கு இஸ்லாம் படையோடு வரவில்லை. திருச்சியில் அடங்கியிருக்கும் நத்ஹர் வலி அவர்களைப் போன்ற நல்லடியார்களின் தூய வாழ்வும், சுமை தூக்கி ஊரூராய்ச் சென்ற வணிகரின் நாணயமுமே அதை இங்கு வேரூன்றச் செய்தன என்று நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். உண்மைதான். ஆனால் அது என்றோ முடிந்துவிட்ட வரலாறு அன்று. நம்மில் ஒருவரும் வாழாத அச்சிற்றூரில், நம் மார்க்கத்தை அறிந்துகொள்ள மக்களுக்கு இருக்கும் ஒரே நூல், கோரை வாங்க வருபவரின் கணக்கேடு. அதில் என்ன எழுதப்படுகின்றதோ அதையே அவர்கள் வேதம் என்று படிக்கின்றனர்.

நாம் கண்டதையும் கேட்டதையும் ஜமாஅத்தில் எடுத்துரைத்தோம். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பள்ளிவாசல் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது அமானிதம் அன்றோ என்று கேட்டவரின் கேள்வி நியாயமானது. நெடுநேர ஆலோசனைக்குப் பின் இரு முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது, அடுத்த வெட்டுக்கான கோரைக்கு விலையும், நீளமும், கட்டின் சுற்றளவும், எண்ணிக்கையும், நாளும் குறித்து, தமிழில் எழுதி, இரு சாட்சிகள் கையொப்பமிட, முழுத் தொகையையும் முன்னதாகவே கொடுப்பது. இரண்டாவது, மழையில் நிறம் கெட்டதென்று வணிகர் கழித்துவிட்ட அந்தக் கோரையையும் நியாய விலைக்கு வாங்கி, நெய்வித்து, வெளித் தாழ்வாரத்துக்குப் பயன்படுத்துவது. நிறம் கெட்டாலும் அதன் உறுதி கெடவில்லை என்பதை நெசவாளர் சோதித்துச் சொன்னார். கறுத்த பாயைப் பள்ளிவாசலில் விரிப்பது அழகா என்று ஓர் இளைஞர் முணுமுணுத்தபோது, நம் இமாம் அவர்கள் முலைக்கா (ரலி) வீட்டுப் பாயின் செய்தியை எடுத்துச் சொல்லி அமர்ந்தார்கள். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

அந்த விற்பனையால் மூதாட்டியின் கடன் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஒரு பகுதி குறைந்தது. அவ்வளவே. ஒரு பள்ளிவாசலின் பாயால் ஓர் ஊரின் வறுமை ஒழிந்துவிடாது. ஆனால் தமிழகத்தின் பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், திருமண மண்டபங்கள் யாவும் தத்தம் தேவையை ஆறு மாதம் முன்னதாகக் கணக்கிட்டு, விளைவிப்போரிடம் முறையான ஸலம் ஒப்பந்தம் செய்துகொண்டால், கோரைக்கு மட்டுமா விடிவு? வாழைக்கும் வெற்றிலைக்கும் அதே வழி திறக்கும் அன்றோ! வட்டிக்குப் பணம் வாங்காமல் பயிரிட ஒரு வழியும், கலப்பற்ற பொருள் பெற நமக்கொரு வழியும் கிட்டும். வணிகம் செய்யும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முன்பணம் கொடுங்கள், இலாபமும் பெறுங்கள், ஆயின் மழையின் கணக்கை ஏழையின் தலையில் மட்டும் எழுதாதீர்கள்.

ஸஜ்தாவில் நம் நெற்றி படும் பாய் யாரோ ஒருவரின் வெயிலும் வியர்வையும் ஆகும். அவருக்குரிய ஹக்கு அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாகாது. பாங்கு எட்டாத ஊருக்கும் நம் நாணயம் எட்டும். எட்டட்டும்! இன்னுமொரு மூதாட்டி இன்னுமொரு திண்ணையில் அமர்ந்து, வேதத்தை மாற்றிவிட்டார்களா என்று கேட்க நேராமல், வல்ல இறைவன் நம் கைகளையும் நம் கணக்குகளையும் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.